ஒருநாள் சமைத்து ஆறுநாள் உண்ணல்: சில விமரிசனக் குறிப்புகள்

ஆறேழு மாதமாக என் கைப்பேசி எனக்கு ஒரே பெண்ணைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. முகம் மாறும், ஊர் மாறும், சில சமயம் மொழியும் மாறும். ஆனால் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. துடைத்து வைத்த மேடை. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கண்ணாடி டப்பாக்கள். அவள் காய் நறுக்குகிறாள், வதக்குகிறாள், பருப்பு வேகவைக்கிறாள், டப்பாக்களில் நிரப்பி மூடி, மேலே தேதிச் சீட்டு ஒட்டுகிறாள். பன்னிரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. "இனி வாரம் முழுக்க கிச்சன் பக்கமே போக வேண்டாம்" என்று சிரிக்கிறாள். பாத்திரம் யார் தேய்த்தார்கள் என்பது மட்டும் எந்தக் காணொளியிலும் வருவதில்லை.

தமிழில் இதற்கு இன்னும் சொல் அமையவில்லை. மீல் பிரெப், வீக்லி குக்கிங், பேட்ச் குக்கிங் என்று அப்படியேதான் சொல்கிறார்கள். சொல் அமையாததே ஒரு குறிப்பு என்று நினைத்துத்தான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். நானும் மூன்று மாதம் இதைச் செய்துபார்த்தேன். அதனால் இது வெளியே நின்று கல்லெறிகிற காரியம் இல்லை, செய்து தோற்ற ஒருத்தியின் புலம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட யாரையும் விமரிசிக்கவில்லை. ஒரு வகைமையை விமரிசிக்கிறேன்.

இந்த வகைமைக்குப் பிறந்த ஊர் உண்டு. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டு உறைபெட்டிகள் பரவின. வாரம் ஒருமுறை காரில் போய் மொத்தமாகச் சாமான் வாங்கி வருகிற பழக்கமும் கூடவே வந்தது. 1980களில் மிமி வில்சன், மேரி பெத் லாகர்போர்க் என்ற இருவர் எழுதிய ‘ஒன்ஸ்-அ-மந்த் குக்கிங்’ என்ற புத்தகம் மாதத்துக்கு ஒருநாள் சமைத்து மிச்ச நாளெல்லாம் உறைபெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற முறையைச் சொன்னது. அங்கே அது பொருந்தியது. ஐநூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் குளிர்பெட்டி, போதாததற்குக் கார் நிறுத்தும் இடத்தில் இன்னொரு தனி உறைபெட்டி. என் வீட்டில் இருப்பது 190 லிட்டர் ஒற்றைக் கதவு. அதன் உறைபெட்டியில் ஒரு ஐஸ் தட்டும் ஒரு பட்டாணிப் பொட்டலமும் வைத்தால் கதவு சாத்தாது. மாவுப் பாத்திரம், பால், தயிர், மாமியார் அனுப்பிய ஊறுகாய், பூ, இன்சுலின் என்று ஏற்கெனவே குடித்தனம் நடக்கிற பெட்டி அது. அதற்குள் பன்னிரண்டு டப்பாவை எங்கே வைப்பது?

இடப் பிரச்சினையாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத பிரச்சினை ஒன்று மொழிபெயர்ப்பில் ஒளிந்திருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாக் காணொளிகளிலும் ஒரு வாக்கியம் வருகிறது: "ரூம் டெம்பரேச்சருக்கு ஆறின பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள்." எந்த ரூம்? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதித்தொகுப்பு, சமைத்த பண்டம் 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்திலும், 57லிருந்து 5 டிகிரிக்கு மொத்தம் ஆறு மணி நேரத்திலும் இறங்க வேண்டும் என்கிறது. அது உணவகங்களுக்கான விதி. ஆனால் காரணம் வீட்டுக்கும் அதேதான், இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமி பெருகும். மே மாதச் சென்னையில் என் சமையலறையில் 34 டிகிரி. குழாயைத் திறந்தால் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூடு. இங்கே ஒரு பண்டம் "அறை வெப்பத்துக்கு" வரக் காத்திருப்பதென்றால், கிருமிக்கு இலை போட்டுக் காத்திருப்பது என்றுதான் அர்த்தம். இருபது டிகிரி அறைக்கு எழுதிய வாக்கியம் அப்படியே முப்பத்துநான்கு டிகிரி அறைக்கு வந்துவிட்டது. மொழிபெயர்த்தவர்கள் சொல்லைத்தான் பெயர்த்தார்கள், அறையைப் பெயர்க்கவில்லை.

நம்பாமல் ஒருநாள் சோதித்தேன். நான்கு லிட்டர் சாம்பார், மூடிபோட்ட எவர்சில்வர் பாத்திரம், இறைச்சிக்குச் செருகும் வெப்பமானி ஒன்று. (எங்கள் வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.) பன்னிரண்டு மணிக்கு இறக்கினேன். மாலை ஐந்து மணிக்கும் நடுவில் 40 டிகிரிக்குக் குறையவில்லை. அதே சாம்பாரை இன்னொரு வாரம் இரண்டு விரற்கடை உயரத்துக்கு அகலத் தட்டுகளில் ஊற்றி, தட்டுகளை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்தேன். அரைமணி நேரத்துக்குள் ஆறிவிட்டது. பண்டத்தின் ஆழம்தான் கணக்கு. பெரிய பாத்திரத்தின் நடுவில் இருக்கிற சூட்டுக்கு வெளியே வர வழி கிடையாது. மூன்று நிமிடக் காணொளியில் இந்த ஐந்து மணி நேரத்தைக் காட்ட முடியாது, வெட்டிவிடுகிறார்கள். டப்பாவில் ஊற்றுகிற காட்சிக்கு அடுத்து டப்பா குளிர்பெட்டிக்குள் இருக்கும். ஆபத்து முழுக்க அந்த வெட்டுக்குள் இருக்கிறது.

சோறு இன்னும் மோசம். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் அரிசியில் இயல்பாகவே இருக்கும், கொதியில் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கிறபோது முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தியைக் கிளப்புகிற அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. "நல்லா சுட வச்சுட்டா ஒண்ணும் ஆகாது" என்று நாம் சொல்கிற ஆறுதல் இங்கே செல்லாது. 1970களில் பிரிட்டனில் சீன உணவுக் கடைகளின் வறுத்த சோற்றால் வரிசையாக நோய் கண்டது. மொத்தமாகச் சோறு வடித்து, ராத்திரி முழுக்க வெளியே வைத்து, மறுநாள் வறுத்துக் கொடுத்தார்கள். குளிர்பெட்டியில் ஏன் வைக்கவில்லை? வைத்தால் கட்டிபிடித்துவிடும், வறுக்கும்போது உதிராது. சுவைக்காகத்தான் அந்தத் தப்பு நடந்தது, சோம்பேறித்தனத்தால் இல்லை. சமையல்காரர்கள் செய்கிற தப்புகளில் பெரும்பாதி இப்படித்தான் என்று எனக்குத் தோன்றும்.

அந்தக் கட்டிபிடித்தலுக்கும் காரணம் உண்டு. வெந்த மாவுச்சத்து ஆறும்போது மறுபடி இறுகி வரிசைகட்டிக்கொள்கிறது. குளிர்பெட்டியின் நாலைந்து டிகிரியில்தான் அது மிக வேகமாக நடக்கும். உறையவைத்தால் நடக்காது. சோற்றை ஒன்று உடனே சாப்பிட வேண்டும், இல்லை உறையவைக்க வேண்டும். நம் பெட்டிகள் நம்மைத் தள்ளுகிற இடமோ இரண்டுக்கும் நடுவில். என் மூன்று மாதப் பரிசோதனையில் வியாழக்கிழமைச் சோறு அரிசியாகவே திரும்பியிருந்தது. தண்ணீர் தெளித்து ஆவியில் வைத்தால் மீளும். ஆனால் அதற்கு அடுப்பு மூட்ட வேண்டும், அடுப்பு மூட்டினால் கால் மணி நேரத்தில் புதுச்சோறே ஆகிவிடும். பிறகு எதுக்கு ஞாயிற்றுக்கிழமை?

இந்தப் பேச்சில் இரண்டு வேறு வேலைகள் ஒரே பெயரில் குழம்பிக் கிடக்கின்றன. நிறைய ஆளுக்கு ஒருவேளைக்குச் சமைப்பது ஒன்று. கொஞ்சம் ஆளுக்குப் பல வேளைக்குச் சமைப்பது வேறு. முதலாவதில் நமக்குப் பெரிய கைத்தேர்ச்சி இருக்கிறது. கல்யாண வீட்டில் ஆயிரம் இலைக்குச் சாம்பார் வைக்கிறவரைப் பாருங்கள். அண்டாவின் வாய் அகலத்துக்குத்தான் ஆவி போகும், கொள்ளளவுக்கு ஏற்பப் போகாது. அதனால் ஆளுக்கு இவ்வளவு என்று தண்ணீரைப் பெருக்கினால் குழம்பு ஓடும் என்பது அவருக்குத் தெரியும். வெங்காயத்தை மலையாகக் கொட்டினால் வதங்காது, தன் நீரிலேயே வேகும் என்றும் தெரியும். உப்பையும் காரத்தையும் பெருக்கல் வாய்ப்பாட்டில் போடமாட்டார், குறைத்துப் போட்டுவிட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஆனால் அவருடைய அண்டா மூன்றாம் பந்தியோடு கவிழ்ந்துவிடும். காலத்தோடு அவருக்குப் போட்டி இல்லை. 1982 முதல் தமிழ்நாட்டில் நடக்கிற சத்துணவும் இப்படித்தான், அளவு பெரிது, ஆயுள் சில மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக்காரி இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகச் செய்யப் பார்க்கிறாள், கல்யாணச் சமையல்காரரின் அனுபவமும் இல்லாமல், அமெரிக்கக்காரியின் உறைபெட்டியும் இல்லாமல்.

அப்படியென்றால் முன்கூட்டிச் சமைப்பதே நம்மிடம் இல்லையா என்று கேட்டால், நிறைய இருக்கிறது. ஆனால் வடிவம் வேறு. நம் ஆட்கள் சாப்பாட்டைச் சேர்த்துவைக்கவில்லை, சாப்பாட்டுக்குப் போகிற வழியில் பாதித் தூரம் நடந்து அங்கே நிறுத்திவைத்தார்கள். இட்லி மாவு, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, தக்காளித்தொக்கு, வற்றல், வடகம், சாம்பார்ப்பொடி. எதையும் அப்படியே தட்டில் வைத்துச் சாப்பிட முடியாது. கடைசியில் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஒரு வேலை பாக்கி இருக்கும், ஆவியில் வைக்க, சோற்றில் பிசைய, எண்ணெயில் பொரிக்க. கெடாமல் காக்கிற வேலையைக் குளிர் செய்யவில்லை. புளிப்பு, உப்பு, எண்ணெய், வெயில், வறட்சி ஆகியவை செய்தன. இட்லி மாவில் லியூகனோஸ்டாக் மெசென்டிராய்டஸ் முதலான நுண்ணுயிர்கள் அமிலம் சுரந்து தங்களுக்கு வேண்டாதவர்களை வெளியே நிறுத்துகின்றன. புளிக்காய்ச்சலில் ஈரம் சுண்டிப்போய், புளியும் உப்பும் செறிந்து, மேலே எண்ணெய் நின்று காவல் காக்கிறது. வத்தக்குழம்பும் மீன்குழம்பும் மறுநாள் ருசிப்பதற்கும் புளிக்கும் உறவு உண்டு. தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு மறுநாள் என்ன கதியாகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

காணொளிப் பெண் இந்த அறிவு முழுவதையும் தாண்டிப் போகிறாள் என்பதுதான் அழகியல் ரீதியாகவே எனக்கு உறுத்துகிறது. அவளுடைய டப்பாவில் சோறு ஒரு மூலை, பீன்ஸ் பொரியல் ஒரு மூலை, பருப்பு ஒரு மூலை. மூன்றும் ஒரே வேகத்தில் கெடாது. பொரியலில் தேங்காய்ப்பூ தூவியிருக்கிறது, அது செவ்வாய்க்கிழமை போய்விடும். பருப்பு வியாழன்வரை தாங்கலாம். தட்டை முடிவுசெய்து பூட்டிவிட்டதால், ஒன்று கெட்டால் மூன்றையும் கொட்ட வேண்டியதுதான். உணவகத்துச் சமையலறைக்காரர்களுக்கு இது தெரியும். வேகவைத்த பருப்பு தனி, வெங்காய-தக்காளி மசாலா தனி, நறுக்கிய காய் தனி. கேட்ட பிறகுதான் சேர்மானம். வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் அதுதான். ஆனால் அதைப் படம் பிடித்தால் அழகாக இருக்காது, பத்து டப்பா வரிசை கிடைக்காது.

இதுவரை சொன்னது தொழில்நுட்பக் குறை. அதோடு நிறுத்தினால் ஒரு திருத்தப் பட்டியல் போட்டுவிட்டுப் போய்விடலாம். நிறுத்த முடியாததற்குக் காரணம் ஒரு படம்.

ஜியோ பேபி இயக்கி 2021 ஜனவரியில் வெளிவந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மலையாளப் படத்தைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். 2023ல் ஆர். கண்ணன் தமிழிலும் எடுத்தார். அதில் வரும் மாமனார் அதட்டுகிறவர் இல்லை. மெல்லிய குரலில், சிரித்த முகமாக, சோறு மட்டும் விறகடுப்பில் வடித்தால் நன்றாக இருக்கும் என்பார், சட்னியை அம்மியில் அரைத்தால் நல்லது என்பார். அந்த வீட்டில் குக்கர் இல்லாமல் இல்லை, மிக்சி இல்லாமல் இல்லை. இரண்டும் அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. பயன்படுத்த அனுமதிதான் இல்லை. படத்தின் மிகக் கூர்மையான கவனிப்பு இதுதான் என்று நினைக்கிறேன். கருவி கடையில் கிடைக்கும், அனுமதி கிடைக்காது. ‘ருசி’ என்ற ஒரு சொல்லைச் சொல்லி ஒரு பெண்ணின் ஒருநாள் முழுவதையும் எடுத்துக்கொள்ள முடிகிறது. மறுத்துப் பேசினால் ருசி அறியாதவள் ஆகிவிடுவாள்.

படத்தின் மேல் எனக்கொரு குறையும் உண்டு. அந்தச் சமையலறை ஒரு சிறை என்று காட்டுகிற அவசரத்தில், அங்கே வாழ்ந்த பெண்கள் கண்டுபிடித்த தப்பும் வழிகளைப் படம் பார்க்கவில்லை. நாயகி ஒன்று கீழ்ப்படிகிறாள், இல்லை வெளியேறுகிறாள். நடுவில் இருக்கிற பெரிய நிலப்பரப்பில், ஏமாற்று, ஒளிப்பு, முந்தின நாளே செய்துவைத்துவிட்டு இன்று செய்ததுபோல் காட்டுவது என்று பல லட்சம் பெண்கள் காலம் தள்ளியிருக்கிறார்கள். அது புரட்சி இல்லைதான், அதற்காக ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

படத்துக்கு நேர் எதிரே காணொளியை வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. காணொளியில் மாமனார் இல்லை. கணவன் இல்லை. சாப்பிடுகிறவர்களே இல்லை. அவள் மட்டும் தனியாக, மூன்று மணி நேரம். "நேரத்தை மிச்சப்படுத்துங்கள்" என்கிறாள். யாருடைய நேரம் என்று கேட்க அங்கே ஆள் கிடையாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் கொடுத்தார்கள், அந்த வேலையைச் செய்கிற ஆண்கள் 97 நிமிடம். 2024ல் மறுபடி எடுத்தார்கள்: 289, 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களுக்கு ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இடைவெளி அசையக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சமையல் இந்தக் கணக்கில் என்ன செய்கிறது? ஐந்து நாள் காலையில் சிதறிக்கிடந்த வேலையைக் கூட்டி ஒரே நாளில் குவிக்கிறது. செய்கிற கை அதே கைதான். அவளுக்கிருந்த ஒரே விடுமுறை நாளும் போய், அதற்கு ‘திட்டமிடல்’ என்று பெயரும் ஏறிக்கொள்கிறது.

அமெரிக்காவில் ஜோன் வேனெக் 1974ல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போகிற இடம். வெளிவேலைக்குப் போகாத இல்லத்தரசிகள் 1920களில் வாரம் சுமார் 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தார்கள். 1960களில், அத்தனை இயந்திரங்களும் வந்த பிறகு, 55 மணி நேரம். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983ல் ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். துவைக்கும் இயந்திரம் வந்ததும் துணி அடிக்கடி துவைக்கப்பட்டது, அடுப்பு நவீனமானதும் சாப்பாட்டில் வகைகள் கூடின, முன்பு ஆண்களும் பிள்ளைகளும் செய்த விறகு வெட்டுதல் போன்றவைதான் மறைந்தன. என் மூன்று மாதத்திலும் இதைக் கண்டேன். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை ரசமும் அப்பளமும்தான். டப்பா முறை வந்த பிறகு வெள்ளிக்கும் ஒரு கூட்டு, ஒரு பொரியல். மிச்சமான நேரத்தை வகைகள் தின்றுவிட்டன. "டப்பாலதான் இருக்கே, இன்னொண்ணு சேத்து செஞ்சிருக்கலாமே" என்று வீட்டில் ஒருவர் சொன்னார். யார் என்று சொல்லமாட்டேன், அவர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்.

‘புதுசா செய்தது’ என்ற பெருமையைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், அது என் வீட்டுக்குள்ளேயே முடிகிற விஷயம் என்பதால் எழுதத் தயக்கமாகவும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் எங்கள் வீடு சைவம். தாத்தா ஃப்ரிட்ஜில் வைத்ததைத் தொடமாட்டார். நேற்று வைத்தது, அதாவது பழசு, அவர் இலைக்கு வரக்கூடாது. ஆனால் பழசு வீட்டில் மிஞ்சாமல் இல்லை. அது எங்கே போனது? பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்குப் போனது, பின்வாசல் வழியாக, அவருக்கென்று தனியாக வைத்த தூக்குச் சட்டியில். ஆச்சி அதைக் கருணை என்று நம்பினார். நானும் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நம்பினேன். யார் புதுசு சாப்பிடலாம், யார் பழசு சாப்பிடலாம் என்று அந்த வீடு ஒவ்வொரு நாளும் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தது. பழைய சோறு இப்போது மருத்துவக் குணம் பேசப்பட்டு, மண்சட்டியில் சின்ன வெங்காயத்தோடு உணவகத்துக்கு வந்துவிட்டது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தூக்குச் சட்டிதான் நினைவுக்கு வரும். வயலுக்குப் போனவர்கள் அதைச் சாப்பிட்டது குடலுக்கு நல்லது என்று படித்துவிட்டு இல்லை. விடிவதற்கு முன்னே அடுப்பு மூட்ட நேரமும் விறகும் இல்லாததால். முன்கூட்டிச் சமைத்தலின் வரலாறு என்று யாராவது எழுதினால், கண்ணாடி டப்பாவிலிருந்து தொடங்காமல் அந்தச் சட்டியிலிருந்து தொடங்க வேண்டும். (பழையது கிருமியே அண்டாதது என்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. தண்ணீரில் ஊறி இரவெல்லாம் புளிப்பதால் அது வெறுமனே வெளியே கிடந்த சோறு இல்லை என்பது மட்டும்தான் சொல்ல வருவது.)

இந்தக் குறிப்பில் பாதி எழுதியிருந்தபோது ஊருக்குப் போயிருந்தேன். அம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எட்டரை மணிக்குப் பஸ். அதற்குள் தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் அப்பாவுக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் சமைத்துவைத்துவிட்டுப் போக வேண்டும். எப்படிச் சமாளித்தாள் என்று நான் கேட்டதே இல்லை. காலை நாலரைக்கு எழுந்தாள் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தக் காணொளி ஒன்றைக் காட்டி, "பாத்தியாம்மா, என்னமா கெட்டிக்காரியா இருக்கா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுல என்னட்டி இருக்கு? நான் இருவது வருசமா செஞ்சதுதான."

"நீயா? தாத்தாதான் பழசு தொடமாட்டாங்களே."

"அவுகளுக்குத் தெரிஞ்சாத்தான."

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாத்தா கோயிலுக்குப் போன பிறகு பருப்பை மொத்தமாக வேகவைத்து, புளி கரைத்துக் காய்ச்சி, இரண்டையும் தனித்தனி ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்துவைப்பாள். புளி வாரம் பூராவும் வரும். பருப்பு புதன்வரைக்கும்தான், அதுக்கப்புறம் வாடை வந்துரும் என்றாள். குளிர்பெட்டியில் வைத்த சமையலை மூன்று நான்கு நாளுக்குள் தீர்க்கச் சொல்கிற அமெரிக்க வழிகாட்டிகளின் கணக்கும் அதுதான். காலையில் இரண்டையும் கலந்து, காயைப் போட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் தாளிப்பு. நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, பெருங்காயம். அது தாத்தா திண்ணையில் இருக்கிற நேரமாகப் பார்த்து.

"அந்த வாசம் வந்துட்டாப் போதும். புதுசா வச்சிருக்கான்னு நெனச்சுக்கிடுவாவ. ஒருநாள் கூப்ட்டு, ‘ஏம்மா, இன்னைக்கு சாம்பார் பிரமாதம்’னாவ. அன்னைக்கு புதங்கெழம."

சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. இருபது வருடம். ஒரு பாட்டில் பருப்பை ஒளித்துவைக்கிற பயம் இருபது வருடம். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். ஒண்ணும் சொல்லமாட்டாவ. ஒருநாள் பாட்டில் முன்னால இருந்துச்சு, அவுகளே எடுத்துப் பின்னால தள்ளி வச்சாவ." அப்பா மேல் இதற்காக அன்பு வருகிறதா, கோபம் வருகிறதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பாட்டிலைத் தள்ளிவைத்த கை ஒருநாள் தாளிப்புக் கரண்டியைப் பிடித்திருக்கலாம், ஒருநாள் தாத்தாவிடம் வாய் திறந்திருக்கலாம்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் அம்மாவின் முறை நான் மேலே நீட்டி முழக்கியதற்கெல்லாம் பதில். சோறு அன்றன்றைக்கு. சேர்த்துவைத்தது பாதிவழிப் பண்டம். பருப்பைச் சீக்கிரம் ஆறவைக்க என்ன செய்தாய் என்று கேட்டேன். சருவத்தில் தண்ணீர் ஊற்றி அதற்குள் பாத்திரத்தை இறக்கி, மின்விசிறிக்கு அடியில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருப்பாளாம், தாத்தா திரும்புவதற்குள் ஆறியாக வேண்டுமே. உணவு அறிவியல் சொல்கிற வேகத்தை மாமனார் மேலிருந்த பயம் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஆனால் அந்த அறிவை அவள் யாருக்கும் சொல்ல முடியவில்லை. சக ஆசிரியைகளிடம்கூட. சொன்னால் சோம்பேறி என்பார்கள், வீட்டில் தெரிந்துவிடும். இன்று அதே வேலையை வெளிச்சம் போட்டு, பாட்டு போட்டுச் செய்ய முடிகிறது என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. காணொளிப் பெண்ணின் மேல் மூன்று மாதமாக இருந்த என் எரிச்சல் அங்கேதான் கொஞ்சம் இளகியது. ‘நேற்று வைத்தது’ என்று ஒரு பெண் வெட்கமில்லாமல் தேதி எழுதி ஒட்டுகிறாள். அம்மாவின் ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீட்டு ஒட்ட முடியுமா? அறைவெப்பம் பற்றிய அறியாமைக்காக அவளை விமரிசிக்கலாம், பாத்திரம் தேய்த்த கையை மறைத்ததற்காக விமரிசிக்கலாம், விமரிசித்தும் விட்டேன். அந்தச் சீட்டுக்காக அவளை விமரிசிக்க மனம் வரவில்லை.

கிளம்புகிற அன்று இன்னொன்றும் கேட்டேன். முன்கூட்டிச் செய்துவைத்ததில் காலையில் எவ்வளவு நேரம் மிச்சமாகும்?

"அரைமணி இருக்கும்."

"அந்த அரைமணில என்ன செய்வ?"

"வாசல்ல உக்காந்து பேப்பர் படிப்பேன். மாமா எந்திரிக்கதுக்கு முன்னால. அவுக எந்திரிச்சா பேப்பர் அவுகளுக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பறம் மடிச்சு, வந்தமாதிரியே படிக்கட்டுல போட்ருவேன்."